பெயரைக் கழற்றிவிட்டு நம்மூருக்கு வரும் புயல்

முரசு என்று ஒரு புயல் வரிசையில் நிற்கிறது, தெரியுமா உங்களுக்கு? எந்தக் கடலில், எந்த மாதத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பெயரை 2020 ஏப்ரலிலேயே எழுதி வைத்தாகிவிட்டது! 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர்கள், ஆக மொத்தம் 169. இந்தியா கொடுத்த பதின்மூன்றில் மூன்றாவது முரசு, எட்டாவது நீர். இரண்டும் நம் தமிழ். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா என்ற ஏமன் நாட்டுப் பெயரோடு பட்டியலின் இரண்டாம் பத்தி தீர்ந்தது. மூன்றாம் பத்தியின் தலையில் வங்கதேசம் தந்த அர்னாப். அதற்கு அடுத்த இடம் முரசுக்கு. டெல்லியில் பணியில் இருக்கும் ஓர் அதிகாரி, ஏதோ ஒரு நள்ளிரவில், அந்தப் பெயரை அறிக்கையில் முதன்முதலாகத் தட்டச்சு செய்யப்போகிறார். நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

கடல் வாடையே படாத பெரியநாயக்கன்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு புயல்மேல் இத்தனை ஆசையா என்று கேட்பீர்கள். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே நாகப்பட்டினம் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கே அரபிக்கடலோ ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான்! குருடிமலையும் பாலமலையும் ஒரு பக்கம், வடக்கே நீலகிரி, தென்மேற்கே பாலக்காட்டுக் கணவாய். நடுவில் மேட்டுப்பாளையம் சாலையோரம் நம்ம ஊர். வங்கக்கடலில் கிளம்பி, தமிழகத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் அரபிக்கடலில் இறங்கும் புயல்களின் மிச்சம் பல முறை இந்த வழியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

கார்த்திகை பிறந்தால் டீக்கடைகளில் இந்தப் பேச்சு கேட்கும்.

“ஏனுங்ணா, புயலு நம்மூருக்கு வருதுங்களா?”

“அது கடலூர்ப் பக்கமே கரையக் கடந்துருச்சுங் தம்பி. இனி ஒண்ணுமில்லீங்.”

அந்த ‘இனி ஒண்ணுமில்லீங்’ இருக்கிறதே, அங்கேதான் கொங்கு நாட்டுக்குப் புயல் கதை ஆரம்பிக்கிறது. டிவியில் வரைபடம் மறைந்து, அடுத்த செய்திக்குப் போன பிறகு. அதைக் காட்டத்தான் உங்களைப் பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாங்க!

முதலில் தரம் பிரிக்கும் மேசை. கடல்மேல் மேகங்கள் கூடிச் சுழலத் தொடங்கினால் அதற்குக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று பெயர். சுழலும் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்ட கணத்தில் அது புயல்! அந்த ஒற்றைக் கிலோமீட்டருக்காகத்தான் இத்தனை காத்திருப்பு, இத்தனை விவாதம். 61 வரை பெயரில்லை. 62 வந்தால் பெயர் உண்டு. அதற்கு மேல் 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல், 167-ல் அதி தீவிரப் புயல், 222-ஐத் தொட்டால் சூப்பர் புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சிதைத்தது அந்தக் கடைசிப் படியில் நின்ற புயல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் ஒன்று உண்டு. காற்றின் வேகம் என்கிறோமே, எந்தக் காற்று? நொடிக்கு நொடி மாறும் வீச்சு இல்லை. தொடர்ந்து மூன்று நிமிடம் வீசியதன் சராசரி. இது இந்தியக் கணக்கு. அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், ஜப்பானியர்கள் பத்து நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று எண்! சமூக வலைத்தளங்களில் ‘அவன் இவ்வளவு சொல்றான், நம்மாளு குறைச்சுச் சொல்றான்’ என்று ஆண்டுதோறும் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்தக் கடிகார வித்தியாசத்தால் வருவது.

சரி, நடுக்கடலில் அந்த மூன்று நிமிடத்தை யார் அளந்தார்கள்? அட்லாண்டிக்கில் விமானம் ஏறிப் புயலுக்குள்ளேயே புகுந்து அளக்கிறார்கள். நம் கடல்களில் அந்த வழக்கம் இல்லை. சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மிதக்கவிட்ட மிதவைகள் வங்கக்கடலில் அங்கங்கே உண்டு. அவற்றின் பக்கமாகப் புயல் போனால் அதிர்ஷ்டம். மற்றபடி விண்ணில் இருக்கும் இன்சாட் செயற்கைக்கோள்கள்தான் கண். இன்சாட் 3டி.ஆர். ஏற்கெனவே அங்கே இருக்க, 2024 பிப்ரவரியில் இன்சாட் 3டி.எஸ். போய்ச் சேர்ந்தது.

படத்தைப் பார்த்து வேகம் சொல்லும் வித்தையை 1970-களில் கண்டுபிடித்தவர் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்கர். மேகப்பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது என்று ஒரு சுருள்கோட்டை வைத்து அளப்பார்கள். முறுக்குப் பிழியும்போது எத்தனை சுற்று வந்தது என்று பார்ப்போமே, அதுதான்! ஏறக்குறைய அரைச் சுற்று வந்தால் 2.5 என்று மதிப்பெண், அது புயல். முழுச் சுற்றைத் தாண்டி வளைந்தால் 4. அது மிகத் தீவிரப் புயல். நடுவில் கண் திறந்துவிட்டால் கணக்கு வேறு முறைக்கு மாறும், எண்ணும் மேலே ஏறும். இந்த எண்ணுக்கு டி-எண் என்று பெயர். ஒரு மனிதர் திரையில் கோடு வைத்து அரைச் சுற்றா, அதற்குக் கொஞ்சம் குறைவா என்று யோசிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பெயர் வைப்பதும் வைக்காததும் முடிவாகிறது.

2024 நவம்பரில் அந்தத் தவிப்பைத் தமிழ்நாடே நேரடியாகப் பார்த்தது. இலங்கைக் கரையோரம் ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆகுமா, ஆகாதா? கரை கடக்கும்போது தாழ்வு மண்டலமாகத்தான் இருக்கும் என்கிற அளவுக்கு அறிக்கைகள் இறங்கி வந்துவிட்டன. 29-ஆம் தேதி பிற்பகல் பார்த்தால், புயல்! சவூதி அரேபியா தந்த ஃபெங்கல் என்ற பெயர் அறிக்கையில் ஏறியது. மறுநாள் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. இவ்வளவு கருவிகள் இருந்தும் கடைசி நாள் வரை கடல் பிடிகொடுக்கவில்லை. ஆய்வு மையத்தைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அந்த அறைக்குள் விழித்திருந்தவர்கள் மேல் மரியாதை கூடியதுதான் மிச்சம்.

பெயர்ப் பட்டியலுக்கு வருவோம், அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனமே வராது! 2000-ஆம் ஆண்டு மஸ்கட்டில் கூடிய கூட்டத்தில் பெயர் வைப்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் பெயர் 2004-ல் வங்கதேசம் தந்த ஓனில். அப்போது எட்டு நாடுகள், 64 பெயர்கள். 2016 டிசம்பரில் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா, பாகிஸ்தான் வைத்த பெயர். 2011-ல் கடலூர் முந்திரித் தோப்புகளைப் பிடுங்கி எறிந்த தானே, மியான்மர் தந்தது. குமரி மீனவர்களின் நெஞ்சில் இன்னும் ஆறாத ஒக்கி, வங்கதேசத்துடையது. டெல்டாவின் தென்னைகளை முறித்த கஜா இலங்கைப் பெயர். நிவர் ஈரான், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், மிக்ஜாம் மறுபடி மியான்மர். எங்கோ பாலைவனத்தில் இருப்பவர் எழுதிக் கொடுத்த ஒரு சொல், மயிலம் கிராமத்துப் பாட்டியின் வாயில் புகுந்து வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது!

விதிகளும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எளிதாக வாயில் நுழைய வேண்டும். அரசியல்வாதி பெயர் கூடாது, மதம் கூடாது, ஆண் பெண் அடையாளம் கூடாது, யார் மனதையும் புண்படுத்தக்கூடாது. ஒருமுறை வைத்த பெயர் நம் கடல்களில் திரும்ப வராது. கிழக்கே பசிபிக்கில் பிறந்து தாய்லாந்தைத் தாண்டி வரும் புயல் மட்டும் தன் பழைய பெயரோடு வரும். 2019 ஜனவரியில் பாபுக் அப்படித்தான் அந்தமான் கடலுக்குள் நுழைந்தது. பொதுமக்களும் இந்திய வானிலை ஆய்வு மையத்துக்குப் பெயர் எழுதி அனுப்பலாம். கொங்கிலிருந்து ஒரு பெயர் போனால் என்ன ஆனந்தமாக இருக்கும்! நொய்யல் என்று ஒரு புயல்… வேண்டாம், வேண்டாம், அந்த ஆற்றுக்கு ஏற்கெனவே ஆயிரம் கஷ்டம்.

இப்போது துறைமுகத்துக்கு ஓட்டமாக ஓடிவிட்டு வருவோம். ‘பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூண்டு நிஜமாகவே கொடிக்கம்பத்தில் ஏற்றப்படும் பொருள். இரவில் அதற்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியதற்கு அடுத்த ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கிவிட்டது. இந்திய வானிலைத் துறை பிறந்ததே அதற்குப் பத்தாண்டு கழித்து, 1875-ல்தான்!

கூண்டு எண்களில் ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் ஆபத்துக்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்தின் வாசலுக்கே வானிலை வந்துவிட்டால். ஐந்து முதல் பத்து வரையில் ஓர் அழகான தர்க்கம் ஒளிந்திருக்கிறது. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, நேரே தலைமேல் வந்தால் 7. இதே மூன்றும் பெரிய ஆபத்தானால் 8, 9, 10. ஏன் இடம் வலம் பார்க்கிறார்கள்? நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு. அங்கேதான் காற்று கடலைத் தூக்கி ஊருக்குள் தள்ளும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது நாகப்பட்டினம் வலப்பக்கம் நின்றது.

பதினொன்றாம் எண் என்னவென்று கேளுங்கள். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்! இனி எங்களுக்கும் ஒன்றும் தெரியாது, உள்ளூர் அதிகாரி தன் கண்ணால் பார்த்துச் சொல்கிறார், மோசமாக இருக்கிறது என்பதைக் கம்பத்தில் ஏற்றிச் சொல்வது. நான் இதைப் படித்த அன்று இரண்டு பேரை நிறுத்திவைத்துச் சொன்னேன்.

சென்னை நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தில் இந்தக் கண்காணிப்பு ஓய்வதே இல்லை. காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பலூன்கள் மேலே போகின்றன. நம் கரையில் சென்னையிலும் காரைக்காலிலும். பலூனில் தொங்கும் சிறு கருவி வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே உயரும். கரையை நெருங்கினால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் விழித்துக்கொள்ளும். இத்தனையையும் நமக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பழக்கியவர் எஸ்.ஆர். ரமணன். மாநிலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு வானிலை அதிகாரியின் பெயரை மனப்பாடம் செய்தது அதற்கு முன்னும் நடக்கவில்லை, 2016-ல் அவர் ஓய்வு பெற்ற பின்னும் நடக்கவில்லை.

எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். 72 மணி நேரத்துக்கு முன்னால் முன்னறிவிப்பு. 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள். 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு. இந்த மூன்றும் கடற்கரைக்கானவை. நான்காவது, கரை கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பு வரும் சிவப்பு நிற அறிக்கை. அதற்குள் ஒரு பகுதி இருக்கிறது: கரையைக் கடந்த பிறகு புயல் எந்த வழியாகப் போகும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும்? இதுதான் நமக்கு! கோவைக்கும் ஈரோட்டுக்கும் நீலகிரிக்கும் எழுதிய பத்தி அதுதான். ஆனால் அது வெளியாகும் நேரத்தில் டிவி கேமராக்கள் எல்லாம் மெரினாவிலும் கடலூர் சில்வர் பீச்சிலும் அலைக்கு முன்னால் நிற்கின்றன. நம் பத்தியை யாரும் வாசிப்பதில்லை.

வாசித்தே ஆக வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி 2009 நவம்பர். இலங்கைக்குத் தென்மேற்கே உருவான ஒரு தாழ்வுப் பகுதி, தென்னிந்தியாவைத் தொட்டுக்கொண்டு அரபிக்கடலுக்குள் இறங்கியது. அங்கே போய் வலுத்து, புயலாகி, ஃபியான் என்று பெயர் வாங்கி, 11-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே கரை ஏறியது. மும்பைக்காரர்களுக்கு ஃபியான் ஞாபகம் இருக்கும். நம் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. ஆனால் கேத்தி என்று சொல்லுங்கள்! 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியின் கேத்தியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். கோவை நகரத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையே அவ்வளவு இருக்காது. ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் 820 லிட்டர் தண்ணீர், ஒரே நாளில். மலை தாங்கவில்லை, நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை அறுந்தது. மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை.

காரணம் மலையின் திசையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் நனையும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கடலில் குடித்த ஈரத்தோடு சமவெளியைத் தாண்டி வந்து, மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று, குன்னூரில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி எல்லாம் அந்தக் கிழக்குச் சரிவில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஈரக்காற்றை இழுத்து அனுப்ப, புயல் என்ற பட்டம் பெற்ற ஒன்று வேண்டியதே இல்லை. பெயரில்லாத ஒரு தாழ்வு மண்டலம் போதும்.

இங்கேதான் நான் ஆட்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல நினைப்பது இருக்கிறது. நாம் பார்த்த அந்த ஏணி, தாழ்வு மண்டலத்திலிருந்து சூப்பர் புயல் வரை, முழுக்க முழுக்கக் காற்றின் ஏணி. மழைக்கு அதில் ஒரு படிகூட இல்லை! ஃபெங்கலைப் பாருங்கள். ஏணியில் அது புயலின் முதல் படியைத் தாண்டவே இல்லை. கரை கடந்தபின் புதுச்சேரியின் மேலேயே மணிக்கணக்கில் அசையாமல் நின்றது; விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். பிறகு வலு இழந்து, தரம் இறங்கி, உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 2 காலை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் அளந்தால் 50 சென்டிமீட்டருக்கு மேல்! கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், புயல் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நாளில், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் உருண்டுபோன காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம்.

டிட்வாவும் அப்படியே. காற்றுக் கணக்கில் அதுவும் சாதாரணப் புயல்தான். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோனது. பெரும்பகுதி மலையகத்து மண்சரிவிலும் வெள்ளத்திலும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. கண்டி, பதுளை என்று செய்தியில் வந்த ஒவ்வோர் ஊர்ப்பெயரும் அவர்களுக்குச் சொந்தக்காரர் வீட்டு முகவரி.

மழைக்கென்று தனி ஏணி உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ல் மிக கனமழை, 204.5-ல் அதி கனமழை. உள்ளூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய ஏணி இதுதான். இந்த ஏணியைத் தாங்கி நிற்பது எவ்வளவு எளிமையான கருவி தெரியுமா! மழைமானி. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குடுவை, பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். மரமோ சுவரோ மழையை மறைக்காத திறந்த இடம், சுற்றிலும் வேலி. காலை 8.30-க்கு ஒருவர் வந்து குடுவையைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக்குள் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் படிக்கிறார். அந்த எண் மாவட்டப் பட்டியலுக்குப் போகிறது. பீளமேடு விமான நிலையம், வேளாண் பல்கலைக்கழகம், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம், பில்லூர் அணை, அன்னூர், சூலூர், சின்கோனா, சின்னக்கல்லாறு… ஆமாம், நம்ம ஊரும் அதில் ஒரு வரி! இன்சாட்டும் ரேடாரும் சூப்பர் கம்ப்யூட்டரும் சொன்னது பலித்ததா என்று தீர்ப்பு எழுதுவது, கடைசியில் இந்தக் கண்ணாடிக் குழாய்தான். மழைநாள் காலையில் அந்தப் பட்டியல் வெளியாகும்போது எனக்கு வரும் பரபரப்பு, கிரிக்கெட் ரசிகர்களுக்குக் கடைசி ஓவரில்கூட வராது.

நம்ம ஊருக்குள் அந்தத் தண்ணீர் எந்த வழியில் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குருடிமலையில் இறங்கும் பள்ளங்கள் சேர்ந்து கௌசிகா நதியாகி, இடிகரை, கோவில்பாளையம் வழியாகக் கிழக்கே ஓடி, வஞ்சிப்பாளையம் பக்கம் நொய்யலில் சேர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அதைப் பார்த்து நதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அதன் பாதையை மறந்துபோய்க் கட்டடம் கட்டுகிறார்கள். பெயர் கழன்ற புயல் ஒன்று குருடிமலைமேல் ஓர் இரவு நின்று பெய்தால், நதிக்குத் தன் பாதை மறந்திருக்காது.

அந்தப் பன்னிரண்டு மணி நேர அறிக்கை வந்ததும் உள்ளூரில் சத்தமில்லாமல் ஒரு கூட்டமே நகரத் தொடங்குகிறது. கலெக்டர் அலுவலகத்தில் 1077 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் ஆள் உட்காருகிறார், மாநிலத்துக்கு 1070. கிராம நிர்வாக அலுவலர் குளத்தங்கரையைப் பார்க்கப் போகிறார். நெடுஞ்சாலைத் துறையின் ஜே.சி.பி.க்கள் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் எங்கே சரியுமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்கின்றன. கல்லாறு–குன்னூர் இடையே பாறை விழுந்தால் மலை ரயில் ரத்து. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகு, மரம் அறுக்கும் இயந்திரங்களோடு மலை அடிவாரம் வரை வந்து தங்குவதும் உண்டு.

தோட்டத்துக்காரர்களுக்கு வேறு அறிக்கை. செவ்வாயும் வெள்ளியும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை மையத்திலிருந்து வருவது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள், வடிகாலை வெட்டி விடுங்கள், உரமும் மருந்தும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். காரமடை, சிறுமுகைப் பக்கம் வாழை வைத்தவர்கள் அதை மந்திரம் போலப் படிப்பார்கள். ஒரு ராத்திரிக் காற்றில் ஒரு வருட வெள்ளாமை படுத்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிருந்து கடற்கரைக்குப் போகும் உதவியும் இருக்கிறது. கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது நம் பக்கத்து மின்வாரிய ஊழியர்கள் டெல்டாவின் சேற்று வயல்களில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். மிக்ஜாமுக்குக் கோவையின் தூய்மைப் பணியாளர்கள் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். அவர்கள் வீட்டில் ஒருவரைத் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். எந்தப் புயல் எந்தத் தெருவில் என்ன செய்தது என்று அவர்கள் சொல்லும் விவரம் எந்த அறிக்கையிலும் இருக்காது.

பயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நியாயமில்லை. கொங்கு நாடு மழைமறைவுப் பூமி. வங்கக்கடல் கொஞ்சம் கலங்கினால்தான் நமக்குக் கார்த்திகையில் மழை. குன்னூர்ச் சரிவில் விழும் தண்ணீர் மேட்டுப்பாளையத்தில் பவானியைச் சேர்கிறது. அதற்கு மேலே பில்லூர் அணை; முழு நீர்மட்டம் 100 அடி. 97-ஐத் தொட்டதும் மதகு திறக்கும், பவானிக் கரைக்கு ஒலிபெருக்கி எச்சரிக்கை போகும். அங்கிருந்து எல்லாம் சேர்ந்து பவானிசாகருக்கு. அதன் முழு நீர்மட்டம் 105 அடி. அந்தத் தண்ணீரை நம்பிக் கீழ்பவானி வாய்க்கால் நெடுக ஈரோடு வரைக்கும் நெல்லும் மஞ்சளும் கரும்பும் நிற்கின்றன.

ஆகவே, கடலூரில் எல்லாம் முடிந்தது என்று டிவி சொன்ன மறுநாள் காலை, மப்பும் மந்தாரமுமாக வானம் இருண்டிருக்கும்போது, கோபிப் பக்கமிருந்து இங்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போன் வரும். புயலின் பெயரை யாரும் கேட்பதில்லை. காற்று எத்தனை கிலோமீட்டர் என்றும் கேட்பதில்லை.

“மாமா, உங்க பக்கம் மலையில நல்ல மழைங்களா?”

“ராத்திரி பூராப் பேஞ்சுதுங் மாப்பிள்ளை, இன்னும் விடல. பில்லூரு தொண்ணூத்தேழத் தொட்டுருச்சாமா.”

“அப்பச் சாயங்காலத்துக்குள்ள டேமுக்கு வந்துருமுங்க! நேத்துத் தொண்ணூத்தெட்டு அடி இருந்துச்சு. நூறத் தொட்டா உடனே கூப்புடறனுங் மாமா!”